பத்து நாளில் பழகிவிடும்

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கிடைத்த பயிற்சி மொத்தம் இரண்டு நிமிடம். மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளிக்கு எதற்கெடுத்தாலும் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லும் பழக்கம். வந்தவர்களை உட்காரச் சொன்னாலும் அதுதான், வீட்டிலிருந்து போன் வந்தாலும் அதுதான். கடையில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'ரெண்டு நிமிஷம்' என்று ஆகிவிட்டிருந்தது. மற்றவர்களுக்கு அவருடைய இரண்டு நிமிடம் ஒரு மணி நேரம் இழுக்கும். இவளுக்கு மட்டும் சொன்ன சொல் தவறாமல் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்னு போட்டிருக்கே. லென்ஸ் எல்லாம் படிச்சிருப்பே. அப்புறம் என்ன? டாக்டர் சீட்டு வரும். அதுல இருக்கிற நம்பரை இதுல ஏத்தணும். பட்டனை அமுக்கினா உள்ளே பட்டறைக்குப் போயிடும். அவ்வளவுதான்."

எழுந்து போகப் பார்த்தவர், நினைவு வந்ததுபோல் திரும்பினார்.

"இன்னொண்ணு. கண்ணாடி வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்து தலை சுத்துது, மங்கலா இருக்குன்னு நிப்பாங்க. எல்லாரும் சொல்றதுதான். 'புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும், பத்து நாள்ல பழகிடும்'னு சொல்லி அனுப்பணும். எங்கே, சொல்லு பாப்போம்."

"புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். பத்து நாள்ல பழகிடும்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லணும்."

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னாள். "மூணு மாசம் பாப்போம். சரியா வந்தா வேலை நிரந்தரம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் பலகை வைத்துத் தடுத்த ஒரு பொந்தில் அவளுடைய மேஜை. காலை நீட்டினால் சுவர் இடிக்கும். முன்பு அங்கே இருந்த பெண் வேறு ஊரில் வேலை கிடைத்து ஒரே வாரத்தில் கிளம்பிப் போயிருந்தாள். இழுப்பறையில் அவள் விட்டுச் சென்றது ஒரு சீப்பும் எழுதாத பேனாவும்தான். அவளுக்குத் தெரிந்தவையெல்லாம் அவளோடு போய்விட்டன.

இவள் படித்து முடித்து ஒன்றரை வருடம் வேலை தேடியவள். அவர்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பட்டச் சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, துணி அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். வேலை கிடைத்த அன்று பக்கத்து வீடு, எதிர் வீடு, மாவு மில் என்று சொல்லிக்கொண்டே போனாள். "என் பொண்ணு கண்ணாடி ஆபீஸ்ல இருக்கா. டாக்டர் எழுதறதை அவதான் கம்ப்யூட்டர்ல சரிபார்க்கிறா." சரிபார்ப்பதா? சீட்டில் இருப்பதை ஏற்றுவது மட்டும்தான் அவள் வேலை. ஆனால் அம்மாவைத் திருத்த மனம் வரவில்லை.

தப்புகள் மூன்றாம் நாளே தொடங்கின. ஒரு சீட்டில் புள்ளியை விட்டுவிட்டு ஏற்றினாள். ஒன்றேகால் பவர் நூற்று இருபத்தைந்து ஆகிப் பட்டறைக்குப் போனது. லென்ஸ் தேய்க்கிற அண்ணன் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரும்மா இது? நூத்தி இருபத்தஞ்சு! இதைப் போட்டா நிலாவுல இருக்கிற கல்லை எண்ணலாம்."

கவுன்டரில் நின்ற அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுண்ணே, காலேஜு படிச்ச பொண்ணு. பெரிசா யோசிக்குது." அன்றிலிருந்து அவளுக்குக் கடையில் பெயர் 'காலேஜு'.

ஒரு நாள் கறுப்பு ஃபிரேமைப் பழுப்பு என்று ஏற்றினாள். இன்னொரு நாள் தூரத்துக் கண்ணாடியைப் படிக்கிற கண்ணாடி என்று ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் பின்பக்கக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்து அன்றைய தப்பை எழுதி, பக்கத்திலேயே சரியான முறையையும் எழுதிக்கொள்வாள். இரண்டு மாதத்தில் இருபத்திரண்டு தப்புகள் சேர்ந்தன. ஒன்றுகூட இரண்டாம் முறை நடக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. பாடத்திட்டம் இல்லாத படிப்பு, நாமே எழுதிக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தப்பென்று யாராவது வந்து கத்தினால்தான் தப்பு நோட்டுக்குள் வரும். யாரும் கத்தாதவை வரவே வராது. இது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சந்தேகம் கேட்கவும் தயக்கம். அக்காவிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்த டாக்டர் சீட்டுல ரெண்டு பக்கமும் நம்பர்தான் இருக்கு, வேற ஒண்ணும் எழுதலையே?"

"எந்த டாக்டர்?"

"கடைசித் தெருவுல இருக்காரே, வயசானவர்."

"அவர் முப்பது வருஷமா அப்படித்தான் எழுதறார். நம்பர் இருக்குல்ல? ஏத்து."

மற்ற டாக்டர்களின் சீட்டில் வலது கண், இடது கண் என்று அச்சடித்திருக்கும். அந்த டாக்டர் வெறும் தாளில் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண் எழுதி அனுப்புவார். இடப்பக்கம் இருப்பது இடது கண், வலப்பக்கம் இருப்பது வலது கண். வேறு எப்படி இருக்க முடியும்? அவள் அப்படியே ஏற்றினாள்.

முதல் மாதம் முடிந்ததும் அப்பாவை அதே டாக்டரிடம்தான் கூட்டிப்போனாள். அப்பாவுக்கு மரப்பட்டறையில் தச்சு வேலை. அதுவரை நடைபாதையில் விற்கிற கண்ணாடியில் எது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்து மாட்டிக்கொண்டு காலம் தள்ளியவர். கடையில் வேலை செய்பவர்களின் வீட்டாருக்கு ஒரு கண்ணாடி இலவசம் என்று தெரிந்ததும், அவளே அவருக்கு ஃபிரேம் தேர்ந்தெடுத்தாள். சீட்டையும் அவளே ஏற்றினாள். கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"எப்படிப்பா இருக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், செய்தித்தாளைக் கிட்டே கொண்டுவந்து தூரமாகக் கொண்டுபோனார். "பிரமாதம்" என்றார்.

மூன்றாம் நாள் தலை கொஞ்சம் வலிக்கிறது என்றார். அவள் சட்டென்று, சிரித்துக்கொண்டே சொன்னாள். "புதுக் கண்ணாடி அப்படித்தான்ப்பா இருக்கும். பத்து நாள்ல பழகிடும்."

"நீ சொன்னா சரிதான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு தலைவலியைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய கட்டைவிரலில் துணிக்கட்டு இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "மரம் கடிச்சிடுச்சு" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் ஆனபோது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரியவர் ஒருவர் இரண்டு கண்ணாடிகளோடு கடைக்கு வந்தார். ஒன்று பழசு, திருகாணி கழன்றது. இன்னொன்று மூன்று வாரத்துக்கு முன் இங்கே செய்தது. "இந்தப் பழசை முடுக்கிக் குடும்மா. கீறல் விழுந்திருந்தாலும் இதுதான் தெரியுது. புதுசைப் போட்டா படி எங்கே இருக்குன்னே தெரியமாட்டேங்குது" என்றார். அக்கா இரண்டையும் சேர்த்துப் பட்டறைக்குள் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் லென்ஸ் அண்ணன் இரண்டையும் விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"காலேஜு, இவர் சீட்டை எடு."

ஏற்றி முடித்த சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைப்பது வழக்கம். அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"இது கடைசித் தெரு டாக்டர் சீட்டாச்சே. நீ நேரா ஏத்திட்டியா?"

"நேராத்தானேண்ணே ஏத்தணும்?"

"அட கடவுளே! இவர் சீட்டைத் திருப்பிப் போடணும். அவர் எதிர்ல உக்காந்து மூஞ்சியைப் பாத்து எழுதறவர். எதிர்ல இருக்கிறவரோட வலது கண் அவருக்கு எந்தப் பக்கம்? இடப்பக்கம். தாள்லயும் அப்படியே எழுதிடுவார். பழசுல வலது தடிமன், புதுசுல இடது தடிமன். பாத்தாலே தெரியுதே."

"யாரும் சொல்லலையேண்ணே."

"இதையெல்லாமா சொல்லுவாங்க? முன்னாடி இருந்த பொண்ணுக்குத் தெரியுமே!"

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் நின்றால் இடம் வலம் மாறித் தெரிவதைப் பற்றி அவள் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியிருக்கிறாள். அளவுகோல் வைத்துக் கதிர்கள் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. அவளாகவும் யோசிக்கவில்லை. படித்தது எதற்குத்தான் உதவும், அல்லது படித்ததை உதவவைக்கத் தெரியாதவள் நான்தானா என்று மனம் போட்டுக் குடைந்தது.

கம்பியிலிருந்து அந்த டாக்டரின் சீட்டுகளை மட்டும் உருவி எடுத்தாள். முப்பத்தொன்று. சிலவற்றில் இரண்டு கண்ணுக்கும் ஒரே எண், பிழைத்தார்கள். வேறு வேறு எண் உள்ளவை பதினேழு. பதினேழில் ஒன்று அவள் அப்பாவுடையது. இடப்பக்கம் இரண்டே முக்கால், வலப்பக்கம் ஒன்றேகால்.

முதலாளி அவள் சொன்னதை உட்கார்ந்தே கேட்டார். ரெண்டு நிமிஷம் என்று சொல்லவில்லை.

"பதினேழு பேர்ல எத்தனை பேர் திரும்ப வந்தாங்க?"

"இன்னைக்கு வந்த பெரியவரோட சேத்து நாலு பேர் சார். மத்த மூணு பேரைப் பழகிடும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அப்புறம் அவங்க வந்தாங்களா?"

"வரலை சார்."

"அப்ப பழகிடுச்சுன்னு அர்த்தம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார், எல்லாரோட போன் நம்பரும் கம்ப்யூட்டர்ல இருக்கு. கூப்பிட்டுச் சொல்லிட்டா..."

"சொல்லி? பதினேழு ஜோடி லென்ஸ் புதுசாத் தேய்க்கணும். அது போகட்டும். கண்ணை மாத்திப் போடற கடைன்னு ஊர் பூரா பேசுவான். நாளைக்கு எவன் உள்ளே வருவான்? இங்கே பாரு. வந்து நிக்கறவங்களுக்கு மாத்திக் குடு. வராதவங்களை நாமளாப் போய்க் கிளறக் கூடாது. இது வெளியில போச்சுன்னா நீ நாளையிலிருந்து வர வேண்டாம்."

வெளியே வந்தபோது அக்கா அவள் கையைப் பிடித்தாள். "இன்னும் ஒரு மாசம்டி. வாயைத் திறக்காம ஓட்டிடு. நிரந்தரமாயிடும்."

லென்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஃபிரேம் வளைவுக்குத் தகுந்த மாதிரி வெட்டின லென்ஸ். கழட்டி அந்தப் பக்கம் மாட்டவும் முடியாது. உங்கப்பா கண்ணாடியைக் கொண்டா, நான் சத்தமில்லாமப் புதுசு தேச்சுத் தரேன். அது என்னால முடியும். அந்தப் பெரியவருக்கும் மாத்திடலாம். மிச்சம் பதினஞ்சுக்கு நான் என்ன பண்ண?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. அப்பாவின் பட்டறை இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. நடந்தே போனாள். என்ன சொல்வது என்று வழிநெடுக வாக்கியம் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

பட்டறை வாசலில் மரத்தூள் கணுக்கால்வரை கிடந்தது. உள்ளே அப்பா ஒரு பலகையின் மேல் குனிந்து பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்.

காதில் மாட்டும் வளைவுகள் மேல்நோக்கி இரண்டு கொம்பு போல நின்றன. கண்ணாடி நழுவாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் பின்மண்டையைச் சுற்றி ஓடியது. மூக்கின் மேல், உட்காராத இடத்தில், மடித்த துணித்துண்டு ஒன்று. தலைகீழாக்கியதில் இடது லென்ஸ் வலது கண்ணுக்கும் வலது லென்ஸ் இடது கண்ணுக்கும் வந்திருந்தன. அந்தக் கோலத்தில் அவர் இழுத்த கோடு மயிரிழை பிசகாமல் இருந்தது.

பாலீஷ் போடுகிறவர் அவளைக் கவனிக்காமல் குரல் கொடுத்தார். "என்ன மேஸ்திரி, கொம்பு நல்லா முளைச்சிருக்கே. தீவனம் போடட்டா?"

"போடு, போடு. முதல்ல உன்னைத்தான் முட்டுவேன்" என்று நிமிர்ந்த அப்பா, மகளைப் பார்த்தார். திருடிக்கொண்டிருந்தவர் பிடிபட்டதுபோல் அவருடைய கை பறந்தது. ரப்பர் வளையம் முடியில் சிக்க, பிடுங்கி எடுத்து, கண்ணாடியை நேராக்கி மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டதும் அவர் கண்கள் சுருங்கின. அவள் நிற்கும் இடத்தைத் தேடுவதுபோல் தலையைச் சாய்த்தார்.

"என்னம்மா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"எவ்வளவு நாளாப்பா இப்படிப் போடறீங்க?"

"எப்படி?" என்றார். பிறகு பாலீஷ்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"வீட்டுல நேராத்தாம்மா போட்டுக்கிறேன். இங்கே கோடு பிசகினா பலகை போயிடும்ல? ஒரு நாள் கழண்டு கீழே விழுந்துச்சு. எடுத்து அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன். பார்த்தா, கோடு நூல் பிடிச்ச மாதிரி தெரியுது. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு."

"ஏம்பா என்கிட்ட சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? டாக்டர் எழுதி, நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் செஞ்சது. அது தப்பா இருக்குமா? என் கண்ணுதான் ஊர்ல இல்லாத கண்ணுன்னு நினைச்சேன். பத்து நாள்ல பழகிடும்னு சொன்னே. எனக்கு முப்பது நாளாச்சு. நான் கொஞ்சம் மெதுவான ஆளுதானே."

அவர் கட்டைவிரலில் கட்டு அவிழ்ந்த இடத்தில் நகம் கறுத்திருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதிரே உட்கார்ந்து எழுதும் டாக்டர், முப்பத்தொரு சீட்டு, பதினேழு பேர், முதலாளி சொன்னது. அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லையென்றால், போய் எல்லாரிடமும் சொல்லிவிடு, நான் இருக்கிறேன் என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு நிறுத்தம் நடந்து வந்திருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு. ஒண்ணரை வருஷம் நீ அலைஞ்சதை நான் பாத்திருக்கேன். எனக்கு இப்படியே நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்கும் தெரிய வேணாம்."

முதலாளி மிரட்டிச் சொன்னதை அப்பா கெஞ்சிச் சொன்னார். அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவள் கடைக்குள் போகவில்லை. கடையை ஒட்டி மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே நின்றாள். காலையில் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பதினைந்து போன் எண்கள் கையில் நாலாக மடிந்து ஈரமாகியிருந்தன. முதல் எண்ணுக்குரிய அம்மாளை அவளுக்கு நினைவிருந்தது. துணியில் பூவேலை செய்பவர். கண்ணாடி வாங்கிய எட்டாம் நாள் வந்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். "எட்டு நாள்தானேம்மா ஆச்சு? இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று அவள் வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, கண்ணாடிக் கடையிலிருந்து பேசறேன். கண்ணாடி இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. பழகிடும்னீங்களே. பழகிக்கிட்டிருக்கேன்."

"இப்ப கையில இருக்கா? கழட்டித் தலைகீழா வச்சுப் பாருங்கம்மா. ஆமா, தலைகீழா. ஒரே ஒரு தடவை."

அந்தப் பக்கம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.  

"அம்மா?"

"தெரியுதும்மா" என்றார் அந்த அம்மாள். குரல் மாறியிருந்தது. "எல்லாம் தெரியுது. என் கண்ணு போயிடுச்சுன்னுல்ல நினைச்சேன். போன வாரம்தான் எடுத்த வேலையெல்லாம் திருப்பிக் குடுத்தேன். இனிமே என்னால ஆகாதுன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் வேற ஆளுக்குக் குடுத்துட்டாரே."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனிவரை வந்து நின்றது அந்த ஒரே வாக்கியம்தான். வேறு எதையும் அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதை விழுங்கிக்கொண்டு, "சீட்டைத் தப்பா ஏத்தினது நான்தாம்மா. கண்ணாடியை எடுத்துக்கிட்டு வாங்க. நான் அங்கே இல்லைன்னாலும் மாத்திக் கேளுங்க. விடாதீங்க" என்றாள்.

அந்த அம்மாள் திட்டவில்லை.   "வேலை போயிடுச்சேம்மா" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லி வைத்தார்.

நிமிர்ந்தபோது கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. அவளைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். உள்ளே வா, ரெண்டு நிமிஷம்.

அவள் தாளைப் பிரித்து இரண்டாவது எண்ணைப் பார்த்தாள். அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.